திரி நாமே மாட்டும் வேப் டேங்க்: ஒரு டூட்டி டாக்டரின் மார்க் ஷீட்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. அவசரமா இருக்கிறவங்க சேமிச்சு வச்சுட்டு ராத்திரி படிங்க. வீட்டில் காலேஜ் போற பசங்க இருந்தால் அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

போன மாதம் ஒரு நைட் டூட்டி. மணி பன்னிரண்டே கால். கேஷுவால்டிக்கு ஒரு பையனை ரெண்டு நண்பர்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். சட்டை முழுக்க வியர்வை, முகம் வெளிறிப்போய் இருந்தது. நாலு தடவை வாந்தி, கை நடுக்கம். பல்ஸ் 124, பி.பி. 150/90. "ஹோட்டல் சாப்பாடு சேரல சார்" என்றான் கூட வந்தவன்.

2/
மூணு பேரும் ஒரே ஹோட்டலில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். மற்ற ரெண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. நம்ம ஊர் கேஷுவால்டியில் வாந்தி, வியர்வை, நடுக்கம் மூணும் சேர்ந்து வந்தால் டாக்டர் மனசு முதலில் பூச்சிமருந்துக்குத்தான் போகும். ஆனால் கண்மணி சுருங்கவில்லை, எச்சில் ஒழுகவில்லை, வாயில் மருந்து நெடியும் இல்லை.

நண்பர்களை வெளியே அனுப்பிவிட்டு, "தம்பி, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன், என்ன எடுத்த, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டேன். ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தான்.

3/
கீழே சதுரமாக ஒரு பாட்டரிப் பெட்டி. மேலே கண்ணாடியும் ஸ்டீலும் சேர்ந்த ஒரு குட்டி டேங்க். பேனா மாதிரி இருக்கும், ஊதி முடித்துத் தூக்கிப் போடும் வேப் இல்லை இது. கழற்றி மாட்டக்கூடிய டேங்க். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை நாமே சுற்ற வேண்டும், பஞ்சுத் திரியை நாமே மாட்ட வேண்டும். 'ரீபில்டபிள்' என்பார்கள்.

இதை நான் முதல் தடவை பார்க்கவில்லை. மூணு மாதம் முன்னாடி, டிசம்பரில், இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரில், என் சித்தப்பா மகன் வீட்டு டைனிங் டேபிளில் இதே மாதிரி ஒன்றை நானே கழற்றி மாட்டியிருக்கிறேன்.

4/
தம்பி கதையை முதலில் சொல்லிடறேன். (தம்பியிடமும் இந்தப் பையனிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சித்தப்பா லாரி டிரைவர். பீடி. கடைசி ரெண்டு வருஷம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருந்து 2017-ல் போய்ச் சேர்ந்தார். பாத்ரூம் வரை நடந்துவிட்டு வந்தால் பத்து நிமிஷம் பேச முடியாது. அவருக்கு நெபுலைஸர் வைத்ததே நான்தான். அப்பாவின் அந்த மூச்சைப் பார்த்த பிறகும் தம்பியால் சிகரெட்டை விட முடியவில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து.

5/
லெஸ்டர் போன பிறகு நிக்கோட்டின் சூயிங்கம் முயற்சி செய்தான், நாலு வாரம் தாங்கியது. பேட்ச் ஒட்டினான், ரெண்டு மாதம். ரெடிமேட் பாட் வேப் வாங்கினான், "அது பத்தலண்ணே" என்று திரும்பவும் சிகரெட். கடைசியில் ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்த டேங்கைக் காட்டினார். கம்பி சுற்றும் வேலை பிடித்துப்போனது. சிகரெட்டைத் தொட்டு ரெண்டு வருஷம் ஆகிறது.

நான் போயிருந்தபோது புது மாடல் ஒன்று வாங்கும் யோசனையில் இருந்தான். "யூடியூப்ல எல்லாரும் ஃப்ளேவருக்குப் பத்துக்கு ஒன்பது, கட்டுறதுக்குப் பத்துக்கு எட்டுன்னு மார்க் போடுறான். நீ டாக்டரா மார்க் போட்டுச் சொல்லுண்ணே" என்றான். இந்த த்ரெட் அந்த மார்க் ஷீட்தான்.

6/
பிராண்ட் பெயர் வேண்டுமென்றே சொல்லவில்லை. இது வாங்கச் சொல்லும் பதிவு இல்லை. இந்தியாவில் இதை விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம், அதற்குக் கடைசியில் வருகிறேன். ஒரு மாடலைப் பற்றி மட்டும் பேசுவதைவிட, இந்த வகை டேங்க் எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன பலம், என்ன பலவீனம் என்று பார்ப்போம்.

7/
இது எப்படி வேலை செய்கிறது? நம்ம வீட்டு அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், திரி, நெருப்பு. இங்கே எண்ணெய்க்குப் பதில் ஒரு திரவம்: ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, அதில் நிக்கோட்டின். திரிக்குப் பதில் பஞ்சு. நெருப்புக்குப் பதில் மின்சாரத்தில் சூடாகும் கம்பிச் சுருள். பஞ்சு திரவத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுவரும், கம்பி அதை ஆவியாக்கும், அந்த ஆவியை இழுக்கிறோம்.

இங்கே எதுவும் எரிவதில்லை, அதாவது எரியக் கூடாது. சிகரெட்டோடு ஒப்பிடும்போது இதன் ஒரே பெரிய நன்மை அதுதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் வருபவை.

8/
மார்க் ஒன்று: கட்டுமானம். பத்துக்கு 9.

இதில் ஓரவஞ்சனை செய்ய மாட்டேன். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மரை ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரி சுழல்கிறது. ஓ-ரிங், கண்ணாடி, காற்று வளையம் என்று ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றிக் கழுவலாம், உடைந்ததை மட்டும் மாற்றலாம். தூக்கிப் போடும் வேப் மாதிரி வாரா வாரம் குப்பையில் லித்தியம் பாட்டரி சேராது. அந்த டிஸ்போசபிள்களை பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. குப்பை அதற்கு ஒரு காரணம், சின்னப் பசங்க கையில் அது தாராளமாகப் புழங்கியது இன்னொரு காரணம்.

எங்க ஆஸ்பத்திரி சக்‌ஷன் ஜாரின் மூடி இப்படி ஒரு மரையோடு வந்தால் சந்தோஷப்படுவேன்.

9/
மார்க் ரெண்டு: திரி. பத்துக்கு 4.

டேபிளில் உட்கார்ந்து நானே ஒரு திரி மாட்டினேன். சுருளுக்குள் பஞ்சை இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் திரவம் ஏறாது, தளர்த்தினால் கொட்டும். ரெண்டு பக்கமும் தொங்கும் வாலைக் கத்தரித்து, திரவம் வரும் வழியை அடைக்காமல், அதே நேரம் திறந்தும் விடாமல் செருக வேண்டும். என் முதல் திரி கசிந்து டேபிள் விரிப்பு நாசம். ரெண்டாவது திரி இறுகிவிட்டது. மூணாவது இழுப்பிலேயே தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு இருமினான். "ட்ரை ஹிட்ணே. பஞ்சு கருகிடுச்சு."

10/
அந்த ட்ரை ஹிட்தான் ஒரு டாக்டராக எனக்கு முக்கியம். விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரி கருகும்போது ஒரு நெடி வரும் இல்லையா, அதே கதை. திரவம் வந்து சேரும் வேகத்தைவிடக் கம்பி அதிகமாகச் சூடானால் கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு மாதிரிப் பொருட்கள் உருவாகும். எரிச்சல் தருபவை. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பட்டியலில் இருப்பது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். 2015-ல் வேப் ஆவியில் ஃபார்மால்டிஹைடு ஏராளம் என்று ஓர் ஆய்வுக் கடிதம் வந்தபோது, "அவ்வளவு சூட்டில் எந்த மனுஷனும் இழுக்க மாட்டான், தொண்டை எரியும்" என்று மறுப்பும் வந்தது. மறுப்பில் அர்த்தம் இருக்கு. தொண்டை ஒரு அலாரம். ஆனால் லேசாகக் கருக ஆரம்பிக்கும் கட்டத்தில் அந்த அலாரம் அடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

11/
ரெடிமேட் காயிலில் இந்தத் திரியை ஃபேக்டரியில் மெஷின் ஒரே மாதிரி மாட்டுகிறது. இங்கே மாட்டுவது நீங்கள். காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் போகும் அவசரத்தில், தூக்கக் கலக்கத்தில். இந்த டேங்கின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அதை வாங்கியவர்தான். மருந்துக்கடையில் நாம் வாங்கும் இன்ஹேலரின் வால்வை நாமே வீட்டில் செய்து மாட்டிக்கொள்வோமா என்று யோசித்துப் பாருங்கள்.

12/
மார்க் மூணு: கம்பி. பத்துக்கு 5.

கம்பியில் பல வகை. காந்தால் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலவை. நைக்ரோமில் நிக்கலும் குரோமியமும். கிடார் கம்பி மாதிரி, தடித்த கம்பி மேல் மெல்லிய கம்பி சுற்றிய 'கிளாப்டன்' வகையும் உண்டு, சுவை நன்றாக வரும் என்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் வேப் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, சூடான காயிலைத் தொட்டு வந்த ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் கூடுதலாக இருந்தது.

பொழுதுபோக்காகச் செய்பவர்கள் புதுச் சுருளைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவார்கள், பழைய சுருளின் கரியை எரித்து எடுத்துத் திரும்பவும் பயன்படுத்துவார்கள். அதே கம்பியைத் திரும்பத் திரும்பச் செந்தணலாக்கி அதன் மேல் வரும் ஆவியை நுரையீரலுக்குள் அனுப்புவது எனக்கு உவப்பாக இல்லை. கம்பி மலிவுதானே, புதுசு சுற்றுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன்.

13/
மார்க் நாலு: கரண்ட். பத்துக்கு 3.

பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். முழுதாக சார்ஜ் ஆன ஒரு பாட்டரி 4.2 வோல்ட். சுருளின் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓம் என்றால் 14 ஆம்பியர். அதையே 0.15 ஓமில் சுற்றினால் 28 ஆம்பியர். 18650 என்ற அந்த பாட்டரி வகையில் நல்ல கம்பெனி பாட்டரியே பெரும்பாலும் 20 ஆம்பியர் வரைதான் தொடர்ந்து தாங்கும். வீட்டில் கீசருக்குப் போடும் பெரிய பிளக்கே 15 ஆம்பியர்தான். வோல்டேஜ் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது. ஆனால் பாட்டரியைச் சூடாக்குவது கரண்ட்.

14/
பாதுகாப்பு சர்க்யூட் உள்ள பெட்டி என்றால் அது கணக்குப் பார்த்து நிறுத்திவிடும். 'மெக்கானிக்கல்' என்று சொல்லும் வெறும் ட்யூபில் எந்த சர்க்யூட்டும் இல்லை. அமெரிக்காவில் 2018-ல் ஃப்ளோரிடாவில் 38 வயதுக்காரர் ஒருவரும், 2019-ல் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவரும் வேப் வெடித்து இறந்தார்கள். டெக்சாஸ் இளைஞருக்குக் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைத் துண்டு கிழித்திருந்தது.

அரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறை கிழிந்த பாட்டரி, பாக்கெட்டில் சில்லறையோடும் சாவியோடும் கிடக்கும் பாட்டரி, இதெல்லாம் அரிது இல்லை. அந்தப் பையனின் பெட்டியிலிருந்து பாட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். மேல் உறை கிழிந்து உலோகம் தெரிந்தது.

15/
மார்க் அஞ்சு: கசிவு. பத்துக்கு 6.

காற்றுத் துளை கீழே இருந்தால் சுவை நேராக வரும், திரி சரியில்லை என்றால் அங்கேயே ஒழுகும். காற்றுத் துளையை மேலே வைத்த டேங்குகளில் ஒழுகல் ரொம்பக் குறைவு. தம்பிக்கு மேல் துளை வகையைத்தான் சொன்னேன். ஒழுகினால் பேண்ட் கறைபடும், அதோடு முடியாது. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இந்த மார்க்கை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி பாட்டில், மில்லிக்கு 18 மில்லிகிராம் என்றால் மொத்தம் 180 மில்லிகிராம் நிக்கோட்டின். மாம்பழ வாசனை, இனிப்பு. 2014-ல் நியூயார்க் மாநிலத்தில் இந்தத் திரவத்தைக் குடித்த ஒரு வயதுக் குழந்தை இறந்தது. தம்பி மகளுக்கு மூணு வயது. பாட்டில் பெட்டி கிச்சன் மேடையில் இருந்தது. நான் அங்கிருந்த ரெண்டு வாரத்தில் அவனைத் திட்டியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். இப்போது பரண் மேல் பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கிறது.

16/
மார்க் ஆறு: டோஸ். பத்துக்கு 0.

இப்போது கேஷுவால்டிக்குத் திரும்பி வருவோம். பையனிடம் பாட்டிலைக் கேட்டேன். இன்ஸ்டாகிராம் வழியாக வாங்கியது. லேபிளில் 50 மில்லிகிராம் சால்ட் நிக்கோட்டின் என்று போட்டிருந்தது. அது சின்ன பாட் கருவிக்கான திரவம். அந்தக் கருவி குறைந்த பவரில், வாயளவு கொஞ்சூண்டு ஆவியைத்தான் தரும். இவன் அதை எடுத்து இந்தப் பெரிய டேங்கில் ஊற்றி, 60 வாட்டில், ஹூக்கா மாதிரி நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறான். ஒரு முழு டேங்க், 4 மில்லி, ரெண்டு மணி நேரத்தில். நண்பர்களிடம் யார் பெரிய மேகம் விடுவது என்று போட்டி.

17/
கணக்குப் போடுங்கள். தம்பி வாங்குவது 50 மில்லி நிக்கோட்டின் இல்லாத திரவம், அதில் மில்லிக்கு 18 மில்லிகிராம் உள்ள 10 மில்லி குப்பி ஒன்றைக் கலப்பான். 180-ஐ 60-ஆல் வகுத்தால் மில்லிக்கு 3 மில்லிகிராம். இந்தப் பையன் ஊற்றியது 50. கிட்டத்தட்ட பதினேழு மடங்கு. டேங்கில் இருந்த மொத்த நிக்கோட்டின் 200 மில்லிகிராம். எல்லாமே ரத்தத்துக்குப் போகாது. ஆனால் ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவதே சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம்தான் என்று தெரிந்தால் விஷயம் புரியும். இவன் வாழ்க்கையில் ஒரு சிகரெட் கூடப் பிடித்ததில்லை. அந்த உடம்புக்கு நிக்கோட்டின் புதுசு.

18/
டேங்க் மேல் எந்த அளவும் எழுதியிருக்காது. ஊற்றும் திரவம், சுற்றும் கம்பி, வைக்கும் வாட், திறக்கும் காற்று, இழுக்கும் நீளம் என்று அஞ்சு விஷயம் சேர்ந்து டோஸை முடிவு செய்கிறது. அஞ்சையும் முடிவு செய்வது பயன்படுத்துபவர். பிரிட்டனில் 2016 விதிகளின்படி மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்க முடியாது, டேங்க் 2 மில்லிக்கு மேல் கொள்ளக்கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, மூடி குழந்தைகள் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். சட்டம் அங்கே பயன்படுத்துபவரைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கு. கள்ளத்தனமாக வாங்கும் இடத்தில் அந்த வேலி கிடையாது.

19/
பையனுக்கு ட்ரிப் போட்டு, வாந்திக்கு ஊசி போட்டு, ஈ.சி.ஜி. எடுத்து, மானிட்டரில் வைத்தோம். நிக்கோட்டின் ரத்தத்தில் ரெண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். விடியற்காலை நாலு மணிக்கு பல்ஸ் 88-க்கு வந்தது. அஞ்சு மணிக்கு இட்லி கேட்டான். தப்பித்தான். வலிப்பு வரை போன கேஸ்கள் மருத்துவ இலக்கியத்தில் இருக்கு.

"எதுக்குடா இது?" என்று கேட்டேன். "புகைக்காக இல்ல சார். காயில் கட்டுறது ஜாலியா இருக்கும்" என்றான். நம்பினேன். தம்பியும் அதையேதான் சொன்னான்.

20/
ஆக, மார்க் ஷீட்டில் ஒரே கருவி. ஆனால் வாங்கும் ஆள் ரெண்டு பேர். தீர்ப்பும் ரெண்டு.

முதலில் தம்பி. பதினைந்து சிகரெட்டை விட்டவன். இங்கே ஆதாரம் என்ன சொல்கிறது? 2019-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, 886 பேர். ஒரு வருஷம் கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள்: வேப் கொடுத்த குழுவில் 18 சதவீதம், கம், பேட்ச் கொடுத்த குழுவில் 9.9 சதவீதம். வேப் ஜெயித்தது. நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

21/
அதே ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். சிகரெட்டை விட்டவர்களில், வேப் குழுவில் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் வேப் செய்துகொண்டே இருந்தார்கள். கம், பேட்ச் குழுவில் அவற்றை இன்னும் பயன்படுத்தியவர்கள் 9 சதவீதம். அந்த ஆய்வில் கொடுத்தது சாதாரண ரெடிமேட் காயில் கருவி. அதையே விட முடியவில்லை என்றால், பொழுதுபோக்காக மாறிவிட்ட ஒரு கருவியை யார் விடுவார்?

கேரம் போர்டை யாராவது "இன்னும் மூணு மாசத்தில் நிறுத்திடுவேன்" என்று திட்டம் போட்டு ஆடுவார்களா? தம்பியின் அலமாரியில் ஏழு டேங்க் இருந்தது. எட்டாவதுக்குத்தான் என்னிடம் மார்க் கேட்டான்.

22/
இதைச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "அண்ணே, சிகரெட்டை விட்டப்போ என் கைக்கு ஒரு வேலை வேணும். கம்மும் பேட்ச்சும் அந்த வேலையைக் கொடுக்கல. இந்தக் கம்பியும் பஞ்சும்தான் கொடுத்துச்சு. நீ இதைப் புடுங்கிட்டா நான் நாளைக்கே கடையில நிப்பேன். அப்பா மாதிரி நானும் சாகணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. வெளியே நல்ல குளிர். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. அவன் எழுந்து போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

23/
அவன் சொன்னதில் உண்மை இருக்கு. இந்த டேங்கா, சுத்தமான காற்றா என்று கேட்டால் சுத்தமான காற்று. ஆனால் அவனைப் பொறுத்தவரை கேள்வி அது இல்லை. இந்த டேங்கா, பதினைந்து சிகரெட்டா என்பதுதான். அந்தக் கேள்விக்கு நான் டேங்க் என்றுதான் சொல்வேன்.

ஆகவே தம்பிக்கு என் தீர்ப்பு: எட்டாவது டேங்க் வேண்டாம். இருப்பதில் காற்றுத் துளை மேலே உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொள். சர்க்யூட் உள்ள பெட்டி மட்டும். 0.3 ஓமுக்குக் கீழே சுற்றாதே. லேசான கருகல் வாசனைக்கே பஞ்சை மாற்று. 3 மில்லிகிராமிலிருந்து மெதுவாக 1.5, பிறகு 0. ஒரு தேதி எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டு. தேதி தவறினால் பரவாயில்லை, அடுத்த தேதி எழுது. சிகரெட்டுக்கு மட்டும் திரும்பாதே.

24/
ரெண்டாவது, நம்ம பையன். சிகரெட்டே பிடிக்காதவன். இவனுக்கு எதிர்ப் பக்கத்தில் எடை போட ஒன்றுமே இல்லை. தப்பிக்க வேண்டிய பெரிய ஆபத்து எதுவும் இல்லாதவன் புதுசாக ஓர் ஆபத்தை விலைக்கு வாங்கியிருக்கிறான். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். கூட, வேப் சிகரெட்டைவிடக் கேடு குறைவு என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் சிகரெட் பிடிக்காதவர்கள் தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

இவனுக்கு மார்க் ஷீட்டே தேவையில்லை. வேண்டாம். நிக்கோட்டின் இல்லாத திரவமும் வேண்டாம். கருகும் பஞ்சும், கம்பியும், கிழிந்த பாட்டரியும் நிக்கோட்டினைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

25/
ஒரு வாட்ஸப் வதந்தியையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். "வேப் செய்து அமெரிக்காவில் நுரையீரல் வெந்து செத்தார்கள்" என்று வருமே, அது 2019-20-ல் நடந்தது. 2,807 பேர் பாதிப்பு, 68 மரணம் என்று 2020 பிப்ரவரியில் அந்நாட்டு சி.டி.சி. கணக்குச் சொன்னது. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளத் திரவங்கள். அதில் கலந்த வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணம். சாதாரண நிக்கோட்டின் திரவத்தின் தலையில் அந்தப் பழியை முழுசாகப் போடுவது சரியில்லை. அதே நேரம், இன்ஸ்டாகிராமில் வாங்கும் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அங்கே செத்தவர்களும் லேபிளை நம்பியவர்கள்தான்.

26/
இப்போது சட்டம். இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் பாராளுமன்றச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது ரெண்டும். திரும்பவும் மாட்டினால் 3 வருஷம் வரை, 5 லட்சம் வரை. இருப்பு வைத்தால் 6 மாதம் வரை அல்லது 50,000 வரை. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த டேங்க் பிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தச் சட்டத்தில் 'தயாரிப்பு' என்பதற்குள் பாகங்களைச் சேர்த்து மாட்டுவதும் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களே, "ஒண்ணே ஒண்ணுதானே" என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தம்பி பொங்கலுக்கு வந்தபோது டேங்கை லெஸ்டரிலேயே வைத்துவிட்டு, 2 மில்லிகிராம் கம் அட்டையோடு வந்தான்.

27/
"தடை சரியா டாக்டர்?" என்று கமெண்டில் கேட்பீர்கள். என் கருத்தை ஒளிக்க மாட்டேன். அந்தப் பையனை நினைத்தால் தடை சரி. பள்ளிக்கூட வாசலில் மாம்பழ வாசனை விற்கும் நாடாக இது ஆக வேண்டாம்.

ஆனால் சித்தப்பாவை நினைத்தால் என்னால் அத்தோடு நிறுத்த முடியவில்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். ஒரு வழியை அடைத்தோம். பீடி எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. விட நினைப்பவருக்குத் திறந்து வைத்த வழி எங்கே? சித்தப்பாவிடம் பத்து டாக்டர்கள் "பீடியை விடுங்க" என்று சொல்லியிருப்போம், நான் உட்பட. எப்படி விடுவது என்று ஒருத்தரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் என்பது காரணம். சமாதானம் ஆகாது.

28/
அதனால் இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். புகைக்கும் நோயாளியிடம் ஒரே கேள்வி: "காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி?" அரை மணி நேரத்துக்குள் என்றால் அவருக்கு மன உறுதி மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்று அர்த்தம். நிக்கோட்டின் கம், பேட்ச் போன்றவை 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கு. 2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் கிடைக்கும். சூயிங்கம் மாதிரி சவைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. நாலு தடவை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் "கம் எனக்கு ஒத்துக்கல டாக்டர்" என்று பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். தம்பியும் அப்படித்தான் நாலு வாரத்தில் நிறுத்தியிருக்கிறான் என்று டிசம்பரில்தான் எனக்குத் தெரிந்தது.

தேசிய புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356, இலவசம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கான ஆலோசனை மையம் இருக்கிறதா என்று விசாரித்துப் போங்கள்.

29/
பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் அறையில் பஞ்சு, குட்டி ஸ்க்ரூடிரைவர், மெல்லிய கம்பிச் சுருள், பழ வாசனை இதெல்லாம் சேர்ந்து இருந்தால் கத்தாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். பயந்துபோய் மறைத்தால், அடுத்த தடவை கேஷுவால்டிக்குக் கூட்டி வர நண்பர்கள் கூட இருக்க மாட்டார்கள்.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. என்ன எடுத்தீர்கள் என்று டூட்டி டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் கேட்பது வைத்தியத்துக்காக. அன்றைக்கு அவன் அந்தப் பொருளைக் காட்டாமல் இருந்திருந்தால், தேவையில்லாத வேறு மருந்துகளை யோசித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியிருப்பேன்.

30/
டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பையன் டேங்கைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தான். காயில் கட்டும் அந்தக் கைக்கு வேறு ஏதாவது வேலை கொடு என்று சொல்லியிருந்தேன். பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறானாம், சால்டரிங் அயர்ன் வாங்கியிருக்கிறானாம். "பாடலை சார், இரைச்சல்தான் வருது" என்றான்.

தம்பி நேற்று ஃபோட்டோ அனுப்பினான். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய காகிதம். முதலில் எழுதிய தேதி அடித்திருந்தது, பக்கத்தில் ஆகஸ்டில் ஒரு புதுத் தேதி. பாட்டில் 1.5-க்கு இறங்கியிருக்கு.

கேள்வி இருந்தால் கமெண்டில் கேளுங்கள். நாளைக்கு டூட்டி ஆஃப், பொறுமையாகப் பதில் சொல்கிறேன். எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.